நேபாள மலைப் பள்ளியில் சில வாரங்கள் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு: முழுமையான வழிகாட்டி

நேபாளத்தில் காஸ்கி, லம்ஜுங் மாவட்டங்களின் மலைக் கிராமப் பள்ளிகளில் மூன்று முறை தங்கிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதன்பின் அங்கே போக விரும்பிய பலருக்கு ஏற்பாடுகளில் உதவியும் இருக்கிறேன். புதியவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வேலைகளைச் செய்யும் வரிசை. முதலில் டிக்கெட் போடுகிறார்கள், அடுத்து ஊர் சுற்றப் பட்டியல் போடுகிறார்கள், பள்ளியைக் கடைசியில் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் பள்ளி, பிறகுதான் மற்றதெல்லாம்

அரசு நிதியில் நடக்கும் சமுதாயப் பள்ளியாகத் தேடுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் வழியாகவோ, ஏற்கெனவே அங்கே போய் வந்தவர் வழியாகவோ தலைமை ஆசிரியரிடம் நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிடுங்கள். அங்கே அவரை 'ஹெட் சர்' என்பார்கள்.

அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும்? அந்தப் பாடத்தின் ஆசிரியர் வகுப்பில் என்னோடு இருப்பாரா? இதற்கு முன் வந்தவர் என்ன நடத்தினார், எதில் விட்டுப் போனார்? "எது வேண்டுமானாலும் நடத்துங்கள்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். உங்களை எங்கே வைப்பது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். அப்படிப் போனவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் பாட்டுப் பாடி, விளையாட்டுக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

நடுவில் ஏற்பாட்டாளர் இருந்தால், கட்டணத்தில் எவ்வளவு தங்க வைக்கும் குடும்பத்துக்கு, எவ்வளவு பள்ளிக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். நல்ல இடம் தயங்காமல் தரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆதரவற்றோர் இல்லங்களுக்குத் தன்னார்வலராகப் போகாதீர்கள். நேபாளத்தில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். நல்ல படிப்பு என்று சொல்லிக் கிராமங்களிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அந்த இல்லங்களில் மிகுதியானவை சுற்றுலாப் பயணிகள் வரும் மாவட்டங்களிலேயே இருக்கின்றன. வருகிறவர்களின் பணம்தான் இன்னொரு பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரக் காரணமாகிறது. பள்ளிக்கூடம் வேறு. மாலையில் பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், பாடத்தைப் பார்க்க மாட்டார்கள். பத்து நாள்தான் விடுப்பு என்றால் சுற்றுலாவாக மட்டும் போய் வாருங்கள்.

2. தேதியை நேபாள நாட்காட்டியில் பாருங்கள்

பள்ளியின் எல்லாத் தேதிகளும் விக்ரம் சம்வத் நாட்காட்டியில்தான் இருக்கும். ஆண்டு நம் ஆங்கிலக் கணக்கைவிட சுமார் 57 கூடுதல். 2025 ஏப்ரல் நடுவில் அங்கே 2082 பிறந்தது.

இதில் தமிழருக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு வழுக்கலும் உண்டு. அவர்களுடைய மாதமும் நம்முடையதுபோல சூரியக் கணக்கு. ஆண்டு ஏறக்குறைய சித்திரை முதல் நாளிலேயே பிறக்கிறது. ஆகவே வீட்டில் தொங்கும் நாட்காட்டியே மாற்றிப் பார்க்கப் போதும், ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனால் பெயர்கள் ஒரு மாதம் நகர்ந்திருக்கின்றன. அவர்களுடைய வைசாக் நம் சித்திரை, நம் வைகாசி இல்லை. அவர்களுடைய கார்த்திக் நம் ஐப்பசி. "கார்த்திக்கில் பள்ளி மூடியிருக்கும்" என்று ஹெட் சர் சொன்னதை நம் கார்த்திகை என்று எடுத்துக்கொண்டு, ஐப்பசியில் போய் இறங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். பள்ளி பூட்டிக் கிடந்தது.

ஏப்ரல் நடுவில் பள்ளி ஆண்டு தொடங்கும், மார்ச் வாக்கில் ஆண்டுத் தேர்வு. புரட்டாசி, ஐப்பசியில் தசைன் (தசரா), திஹார் (தீபாவளி) பண்டிகை விடுமுறைகள். ஊரே தங்கள் வீடுகளுக்குப் போய்விடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்த நான்கு மாதமும் மலைச் சாலையை நம்ப முடியாது. 2024 ஜூலையில் நாராயண்காட்–முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது.

மிச்சம் இருப்பது இரண்டு பருவம்: ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடிய, அப்புறம் திஹார் முடிந்து நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. உயரமான ஊர்களில் மார்கழிக் குளிருக்கு விடுமுறை விடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மே மாதத்தைத்தான் சொல்வேன். புதுப் புத்தகம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். நீங்கள் வைக்கும் அடித்தளத்தில் ஆசிரியர் ஆண்டு முழுக்கக் கட்டிக்கொண்டே போகலாம்.

3. ஆவணம், பணம், தொலைபேசி

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பி விமான நிலையம் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: நேபாளச் சுற்றுலா விசாவில் சம்பளம் இல்லாத வேலையும் செய்யக் கூடாது. பள்ளி எந்த அனுமதி வாங்கித் தரும் என்பதை முதல் படியிலேயே கேட்டுவிடுங்கள்.

காவல் துறைச் சரிபார்ப்புச் சான்று ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி கேட்காவிட்டாலும் நீங்களாகவே கொடுங்கள். பிள்ளைகளிடம் போகிற அந்நியர் யார் என்று தெரிந்துகொள்ள ஊருக்கு உரிமை உண்டு.

1993 முதல் ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது மாறாத கணக்கு. கடையில் விலை சொன்னால் "ஐசியா, என்சியா?" என்று கேளுங்கள். இந்தியப் பணம் ஐசி, நேபாளப் பணம் என்சி. கேட்காமல் கொடுத்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும். இந்திய 100 ரூபாய்த் தாள்களாகக் கொண்டு போவது நல்லது. பெரிய தாள்களுக்கான விதி அடிக்கடி மாறியிருக்கிறது. நகரக் கடைகளில் நேபாளத்தின் ஃபோன்பே (Fonepay) க்யூஆர் பலகையில் நம் யுபிஐ 2024 முதல் வேலை செய்கிறது. நம் ஊர் போன்பே (PhonePe) வேறு, அது வேறு. பெயர்தான் ஒன்றுபோல ஒலிக்கும். கிராமத்தில் பணத்தாள்தான்.

சிம் வாங்கக் கடவுச்சீட்டு நகலும் புகைப்படமும் எடுத்துப் போங்கள். கிராமத்தில் எந்தச் சேவை எடுக்கும் என்று தங்கும் வீட்டாரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால் ஓடும். சின்ன விஷயம்தான், ஆனால் காலைப் பேருந்தைக் கோட்டைவிட அது போதும்.

4. பாடப் புத்தகத்தை ஊரிலேயே படியுங்கள்

நேபாள அரசின் பாடத்திட்ட மேம்பாட்டு மையம், பக்தபூரின் சானோதிமியில் இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வகுப்பின் புத்தகத்தை இறக்கி, நீங்கள் இருக்கப்போகும் வாரங்களில் வரும் மூன்று பாடங்களை மட்டும் நன்றாகப் படியுங்கள். புத்தகத்துக்கு வெளியே நடத்தினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆசிரியருக்குச் சுமை. நீங்கள் போனபின் அந்தப் பக்கங்களை அவர் அவசரமாக ஓட்ட வேண்டியிருக்கும்.

பிறகு முப்பது நேபாளிச் சொற்கள். இந்தி தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். மலையில் பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி குருங், மகர், தமாங் என்று ஏதாவது ஒன்று. நேபாளியையே பள்ளியில் வந்து கற்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் 124 தாய்மொழிகள் பதிவாயின. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. இதை மனதில் வைத்தால் வேகத்தைத் தானாகவே குறைப்பீர்கள்.

வகுப்புக்கு வேண்டியவை: பஸ (உட்கார்), ஹேர (பார்), சுன (கேள்), லேக (எழுது), ஃபேரி (மறுபடி), ஏக் சின் (ஒரு நிமிடம்), ராம்ரோ (நன்று). பெரியவர்களிடம் பஸ்னுஸ், ஹேர்னுஸ் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். உறவு முறை நமக்குப் பழக்கமானதே: அண்ணனுக்கு தாயி, அக்காவுக்கு தீதி, தம்பிக்கு பாயி, தங்கைக்கு பஹினி, அம்மாவுக்கு ஆமா.

பெட்டியில் மிட்டாய், பேனா, பொம்மை வேண்டாம். கையில் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்து வருகிறவரின் கையைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். பிரதம் புக்ஸ் அமைப்பின் ஸ்டோரிவீவர் தளத்தில் படக் கதைகள் நேபாளியிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்துக் கதைகளை அச்செடுத்துத் தைத்து, ஹெட் சரிடம் பள்ளி நூலகத்துக்கென்று கொடுங்கள்.

5. போகும் வழி

தரைவழி என்றால் தமிழ்நாடு வழியாக ஓடும் ரப்திசாகர் விரைவு வண்டியில் கோரக்பூர், அங்கிருந்து மூன்று மணி நேரத்தில் சுனௌலி எல்லை, நடந்தே கடந்தால் பைரஹவா. அங்கிருந்து தான்சேன் வழியாகக் காஸ்கி மாவட்டத் தலைநகர் பொக்கராவுக்குப் பகல் முழுக்கப் பேருந்து. வான்வழி என்றால் டெல்லி மாறி காட்மாண்டு. டெல்லியிலிருந்து போகையில் இடப்பக்க சன்னலைக் கேளுங்கள், இமயமலை அந்தப் பக்கம்தான்.

காட்மாண்டு–பொக்கரா சுமார் 200 கிலோமீட்டர். வரைபடம் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள், எட்டு மணி நேரம் ஆகலாம். காலைப் பேருந்தில் போங்கள், இரவுப் பேருந்து வேண்டவே வேண்டாம். பொக்கராவில் ஓர் இரவு தங்கிவிட்டுக் கிராமத்துக்கு ஏறுங்கள். களைத்து, இருட்டில் போய் இறங்கினால் வீட்டாருக்கும் தொல்லை.

6. முதல் மூன்று நாள் கடைசி பெஞ்சில்

போன மறுநாளே சாக்கட்டியைக் கையில் எடுக்காதீர்கள். மூன்று நாள் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். யார் சத்தமாக வாசிக்கிறார்கள், யார் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து வாயசைக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையினருக்காகத்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள்.

மூன்றாம் நாள் மாலை ஆசிரியரோடு ஒரு தேநீர். "எந்தப் பாடம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதை இரண்டு பேருமாக நடத்துவோமா?" என்று கேளுங்கள். அவர் இல்லாமல் நீங்கள் நடத்தும் வகுப்பு, நீங்கள் கிளம்பிய அன்றே முடிந்துவிடும்.

7. வகுப்பு நடத்துவது

நாற்பது நிமிட வகுப்பை இப்படிப் பிரியுங்கள்: ஐந்து நிமிடம் நேற்றைய பாடம், பத்து நிமிடம் புதியது, இருபது நிமிடம் இரண்டிரண்டு பேராகப் பேசுவது, கடைசி ஐந்து நிமிடம் ஆளுக்கு ஒரு வரி எழுதுவது. அந்த ஒரு வரிதான் நாளைய பாடத்தை உங்களுக்குச் சொல்லும்.

"புஜ்யௌ?" (புரிந்ததா?) என்று கேட்காதீர்கள். வகுப்பே ஒரே குரலில் "புஜ்யோ!" என்று கத்தும், அதில் உங்களுக்கு எதுவும் தெரியாது. முதல் ஆண்டு நான் பலகையில் 'என் பெயர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பெயருக்கு ஒரு கோடு போட்டு விட்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து நோட்டுகளைப் பார்த்தேன். பாதிப் பேர் அடிக்கோல் வைத்து அந்தக் கோட்டையும் நேர்த்தியாக வரைந்திருந்தார்கள், பெயர் எழுதவில்லை. பலகையில் இருப்பதை அப்படியே இறக்குவதுதான் எழுதுவது என்று அவர்கள் பழகியிருந்தார்கள். அன்றிலிருந்து முதலில் என் பெயரை எழுதிக் காட்டி அழிப்பேன், ஒரு பிள்ளையை வரச் சொல்லி அதே இடத்தில் தன் பெயரை எழுதவைப்பேன், மறுபடி அழிப்பேன். மூன்று பெயர் மாறியபின் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

வழி சொல்லும் பாடம் ஆறாம் வகுப்பில் வந்தது. இடது பக்கம் திரும்பு, விளக்குக் கம்பத்தில் நேராகப் போ என்ற மாதிரியான வாக்கியங்கள். அந்த ஊரில் தெருவே இல்லை. வழி கேட்டால் 'மாதி' என்பார்கள், அல்லது 'தல'. மேலே, கீழே, அவ்வளவுதான். ஆசிரியரும் நானும் சேர்ந்து பாடத்தை மாற்றினோம். மேலே, கீழே, பாலத்தைத் தாண்டி, ஓடையை ஒட்டி என்று எட்டுச் சொற்கள். வீட்டிலிருந்து பள்ளி வரை ஒரு படம் வரைந்து, அதைப் பக்கத்துப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி ஒன்றரைப் பக்கம் வரைந்தாள்: தொங்கு பாலம், இரண்டு தேநீர்க் கடை, பாட்டியின் கேழ்வரகு வயல், நாய் துரத்தும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. "நாய் இங்கே, மேலே போகாதே" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னபோது அவளுடைய ஆசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த நாள் பாடத்தை அவரே எடுத்து நடத்தினார்.

நம் பக்கத்து வழக்கமான தவறு வேகம். நாம் ஆங்கிலத்தை வேகமாகப் பேசுகிறோம். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள்.

8. தங்கும் வீடு

காலை ஆறு மணிக்குத் தேநீர் வரும், சிற்றுண்டி வராது. ஒன்பதரை வாக்கில் பருப்பும் சோறும், மறுபடி இரவு பருப்பும் சோறும். எட்டு மணிக்குப் பசிப்பவர்கள் அவலோ கடலையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். எச்சில் பார்ப்பது அங்கேயும் உண்டு, 'ஜூட்டோ' என்பார்கள். உங்கள் தட்டிலிருந்து கரண்டியைப் பாத்திரத்தில் போடாதீர்கள், பாட்டிலை வாய் வைத்துக் குடிக்காதீர்கள். அழைக்காமல் அடுப்படிக்குள் போகவேண்டாம்.

தண்ணீரைக் காய்ச்சிக் கேளுங்கள். நிலநடுக்கம் வந்தால் ஓடி நிற்க வேண்டிய வெட்டவெளி எது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். 2015 ஏப்ரல் 25 அன்று நடந்ததை அந்த ஊர்கள் மறக்கவில்லை.

9. பிள்ளைகளிடம் மீறக் கூடாதவை

தனி அறையில் ஒரு பிள்ளையோடு இருக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், அல்லது இன்னொரு பெரியவர் இருக்கட்டும். முகம் தெரியும் படத்தைப் பள்ளியின் பெயரோடு இணையத்தில் போடாதீர்கள். "உன்னை நான் படிக்க வைக்கிறேன்" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். உதவ மனமிருந்தால் ஹெட் சரிடம் மட்டும் பேசுங்கள். அடி, பட்டினி போன்ற ஏதாவது கண்ணில் பட்டால் ஹெட் சரிடம் சொல்லுங்கள். அவரிடம் சொல்ல முடியாத நிலை என்றால் குழந்தைகள் உதவி எண் நம் ஊரைப் போலவே அங்கேயும் 1098.

10. சனிக்கிழமைகள்

நான் இருந்த காலங்களில் பள்ளி ஞாயிறு முதல் வெள்ளி வரை. ஞாயிறும் விடுமுறை என்று நினைத்துத் தொலைவாகப் போனவர்கள் திங்கள் மதியம் வந்து நின்றார்கள். கையில் இருந்தது ஒரு சனிக்கிழமைதான். அதற்குப் பொக்கராவின் சாரங்கோட்டில் சூரிய உதயம், பேவா ஏரி நடுவிலுள்ள தால் பாராஹி கோவில், அல்லது நெடுஞ்சாலையில் தும்ரேயிலிருந்து ஏறும் பந்திபூர் என்ற நேவார் இனத்தவரின் ஊர், இவற்றில் ஒன்று போதும். கிராமத்துச் சனிக்கிழமை ஒன்றை அப்படியே விட்டுவையுங்கள். வீட்டாரோடு வயலுக்குப் போங்கள். அடுத்த வகுப்பில் அதைச் சொன்னால் பிள்ளைகள் பேச ஆரம்பிப்பார்கள்.

11. கடைசி வாரம்

புதிதாக எதுவும் தொடங்காதீர்கள். நடத்திய பக்க எண்கள், எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது, எந்தப் பயிற்சி வேலை செய்தது என்று இரண்டு பக்கம் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள், ஒரு பிரதி ஹெட் சருக்கு. அடுத்து வருகிறவர் முதல் படியில் கேட்கும் மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில். கிளம்பும் தேதியை ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். செவ்வந்தி மாலையும் நெற்றியில் டீக்காவும் உண்டு, அரை நாள் ஒதுக்குங்கள்.

12. ஊர் சுற்றுவதைக் கடைசியில் வையுங்கள்

முன்னால் வைத்தால் சாலை அடைப்பும் வயிற்றுக் கோளாறும் பள்ளி நாட்களைத் தின்னும். கடைசியில் வைத்தால் பேருந்தில் பேச நாலு நேபாளி வார்த்தையும் இருக்கும்.

காட்மாண்டு வழியாகத் திரும்பினால் ஒரு நாள் பசுபதிநாதருக்கும் பௌதநாத் தூபிக்கும், ஒரு நாள் முழுக்க பக்தபூருக்கு. பசுபதிநாதர் கருவறையில் பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். தோல் பெல்ட், பர்ஸை வெளியிலேயே விட்டுப் போங்கள். பக்தபூரில் 1702இல் கட்டிய நியாதபோலா ஐந்தடுக்குக் கோவில் 1934, 2015 நிலநடுக்கங்கள் இரண்டையும் தாங்கி நிற்கிறது. அதன் படியில் உட்கார்ந்து மண்சட்டி ஜுஜு தயிர் சாப்பிடுங்கள். நுழைவுச் சீட்டில் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குத் தனி விலை உண்டு. அடையாள அட்டையை அறையில் விட்டுப் போனால் மற்ற வெளிநாட்டவர் விலையைத்தான் கொடுக்க வேண்டிவரும்.

தரைவழி என்றால் பைரஹவாவில் ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் புத்தர் பிறந்த லும்பினி. மாயாதேவி கோவிலும் அசோகர் தூணும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டுச் சுனௌலிக்கு வந்துவிடலாம். கோரக்பூர் ரயிலை அன்றைக்கே போடாதீர்கள், மறுநாளைக்குப் போடுங்கள். தான்சேன் மலையில் ஒரு மண்சரிவு வந்தால் அந்த ஒரு நாள் முழுசாகத் தேவைப்படும்.